ஆறு படி திருட்டு, ஐந்து படி மந்திரம்

வைட்மார்க், பிளிண்டர்ஸ் தீவு
ஜூன் 15, ஞாயிறு

அன்புள்ள டெல்,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, கெட்டிலில் தண்ணீர்கூட வைக்காமல், நீ அனுப்பிய இரண்டு தாள்களையும் மேசையில் விரித்துச் சிவப்புப் பேனாவால் திருத்தியது. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள் பக்கத்திலேயே கட்டாகக் கிடந்தன. அவற்றை நான் தொடவில்லை.

என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் கையெழுத்து அழகு. ஒப்புக்கொள்கிறேன். ‘நெட்டிலை எப்படி மேம்படுத்தலாம்’ என்று தலைப்புப் போட்டு, கீழே ‘சஸ்கியா’ என்று சின்னதாக எழுதியிருக்கிறாள். மேம்படுத்துவதாம். பிப்ரவரியில் இங்கே ஒரு வருட வேலைக்கு வந்தபோது நெட்டிலை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன். பதினொரு வருடம், ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும், உன் சைக்கிள் கடையின் பின்னறையில், நீ கதை நடத்த, நாங்கள் பகடை உருட்டி விளையாடும் அந்தக் கதையாட்டத்தில் நான் ஆடிய பாத்திரம் அவள். நான் திரும்பும்வரை யாராவது ஆடட்டும் என்று நானேதான் சொன்னேன். ஆடச் சொன்னேன். பழுதுபார்க்கச் சொல்லவில்லை.

அவள் கண்டுபிடிப்பு இது. நெட்டில் ஏறியிருப்பது பதினொரு படி. அதில் ஆறு படி திருட்டு, ஐந்து படி மந்திரம். இரண்டு ஏணியிலும் ஒவ்வொரு கால் வைத்து நிற்கிறாள். அதனால் பெரிய மந்திரம் எதுவும் கைக்கு எட்டவில்லை. திருட்டில் மூன்று படி வீண். ‘வீண்’ என்பதன் கீழே கோடு வேறு.

டெல், திருட்டில் நான்காம் படியை நான் ஏன் ஏறினேன் என்று உனக்குத் தெரியும். நம் மேசையில் காலின் ஆடும் ஆம்புரோஸ் சாமியாரை, கதையின் எதிரி உப்பு ராணி சிறையில் போட்டுவிட்டாள். பூட்டைத் திறக்க வேறு ஆள் இல்லை. மந்திரத்தில் இரண்டாம் படி, என் விவாகரத்துக் காகிதம் வந்த வாரம். வீட்டில் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. நெட்டிலாவது உட்கார்ந்து படிக்கட்டும் என்று அவள் கையில் புத்தகத்தைக் கொடுத்தேன். இதற்கெல்லாம் அவள் தாளில் கட்டம் இல்லை.

எனக்கும் கணக்குத் தெரியும். கணக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் இருபத்திரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். நெட்டிலை நான் கணக்குப் போட்டு வளர்க்கவில்லை. போடத் தெரியாமல் அல்ல.

அவளுக்குப் போடத் தெரியவில்லை என்பதையும் இத்துடன் அனுப்புகிறேன். இரண்டாம் பக்கம், நடுவில். நெட்டிலின் குத்து படுவதற்குப் பகடையில் பத்தோ அதற்கு மேலோ விழவேண்டும். இருபது முகத்தில் பதினொரு முகம். அவளுடைய ஆந்தை முதலில் பறந்துபோய் எதிரியைக் குழப்பினால், பகடையை இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். அப்போது குத்து படும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபது என்று எழுதியிருக்கிறாள். தவறும் வாய்ப்பை வர்க்கப்படுத்த வேண்டிய இடத்தில் படும் வாய்ப்பை வர்க்கப்படுத்திவிட்டாள். என் வகுப்பில் பாதிப் பேர் செய்யும் தவறு. பத்துக்கு ஐந்து போட்டிருக்கிறேன். கையெழுத்துக்காக ஒன்று கூட.

போனில் பேசினால் நாம் கடித்துக்கொள்கிறோம், எழுதியே பேசுவோம் என்று ஈஸ்டர் அன்று நீதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வெளியூர் போனவரின் பாத்திரத் தாளில் மற்றவர்கள் எழுதுவது பென்சிலில் மட்டும்தான். பேனா அவர் திரும்பி வந்த பிறகு. இது உன் மேசையின் சட்டம், என்னுடையது அல்ல.

காற்று மூன்று நாளாக நிற்கவில்லை. துணியைக் கொடியில் போட்டால் வேலியில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

மெரின்

*

இன்வர்மே, லான்செஸ்டன்
ஜூன் 23

மெரின்,

நீ சிவப்புப் பேனாவால் திருத்திய தாளை வியாழக்கிழமை மேசையில் வைத்தேன். மறைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் காலின் உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டார்.

“என்ன, டீச்சர் மார்க் போட்டு அனுப்பிட்டாங்களா?”

“ஆறு,” என்றேன்.

“பத்துக்கா? பொழச்சுட்ட சஸ்கியா. எனக்கு அவ ஒரு தடவகூட அஞ்சுக்கு மேல குடுத்ததில்ல.”

சஸ்கியா தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். முகம் கொஞ்சம் சிவந்தது. பிறகு சிரித்துவிட்டாள். “அட ஆமா, தப்புத்தான். நான் தலகீழாப் போட்டிருக்கேன். ஆனா இவங்க சரியான விடைய எழுதவே இல்லயே?” அங்கேயே கையில் கிடைத்த அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எழுபது அல்ல, எண்பதாம். ஏறக்குறைய. “அப்போ ஆந்தை நான் நெனச்சதவிட உபயோகம். திருட்டுல மேல ஏறவே வேணாம். ஏறினா மந்திரம்தான்.” அந்தத் தாளை வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாளாம்.

நீ அந்த விடையைப் போட்டுப் பார்க்கவில்லை என்று நான் நம்பவில்லை, மெரின். உன்னை இருபத்தைந்து வருடமாகத் தெரியும்.

அவள் கெட்டவள் இல்லை. முப்பது வயது, துறைமுக அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறாள், இந்த ஊரில் எங்களைத் தவிர யாரையும் தெரியாது. ஆட்டத்தில் நெட்டில் ஏதாவது செய்யவேண்டி வந்தால் முதலில் என்னைக் கேட்கிறாள்: “மெரினா இருந்தா என்ன செஞ்சிருப்பாங்க?” எனக்கே எரிச்சல் வரும் அளவுக்குக் கேட்கிறாள். போன வாரம் நெட்டில் ஒரு சுங்க அதிகாரியின் சட்டைப்பையிலிருந்து அவருடைய பல்செட்டைத் திருடிவிட்டாள். அவர் பேசுவதுபோல நான் பேசிக்காட்ட, எல்லாரும் சிரித்துச் சிரித்து, எனக்கு வாயிலிருந்த சிப்பிக்கறி பேஸ்ட்ரி மூக்கில் ஏறிவிட்டது.

இப்போது இரண்டு விஷயம்.

முதலாவது: ஜூலை மூன்றாம் தேதி எல்லாரும் பன்னிரண்டாம் படி ஏறுகிறார்கள். நெட்டிலுக்கு அது திருட்டா, மந்திரமா? நீதான் சொல்லவேண்டும். சஸ்கியா தானாகத் தொடமாட்டாள்.

இரண்டாவதை எழுதத்தான் ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டேன். காலின் வீட்டை விற்றுவிட்டார். டிசம்பர் 13 அன்று வடக்கே வெயில் ஊரான டார்வினுக்கு, மகளோடு இருக்கப் போகிறார். அறுபத்து நான்கு வயதில் குளிரை இனித் தாங்க முடியாது என்கிறார். அவர் இல்லாமல் இந்தக் கதையை முடிக்க நான் தயாராக இல்லை. ஆகவே கடைசி ஆட்டம் டிசம்பர் 11, வியாழன். உன் பள்ளி பதினெட்டாம் தேதிதான் மூடுகிறது என்று தெரியும். எப்படிக் கணக்குப் போட்டாலும் நாள் ஒத்துவரவில்லை. அன்று நெட்டிலை சஸ்கியா ஆடலாமா, அல்லது நெட்டில் இல்லாமலே முடிக்கவேண்டுமா? இதற்கும் பதில் வேண்டும்.

டெல்

*

வைட்மார்க்
ஜூன் 29

டெல்,

பன்னிரண்டாம் படி திருட்டு. காரணம் கேட்க வேண்டாம்.

கடைசி ஆட்டத்துக்கு நெட்டில் வரமாட்டாள். உப்பு ராணியைப் பதினொரு வருடம் துரத்தியது நான். கடைசி அறையின் கதவைத் திறப்பது வேறொருத்தியின் விரல் என்றால், அந்தக் கதவு பூட்டியே இருக்கட்டும். நெட்டிலுக்குக் காய்ச்சல் என்று சொல்லி எங்காவது சத்திரத்தில் படுக்கவைத்துவிடு.

பல்செட் விஷயம் நன்றாக இருந்தது. நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன். நெட்டில் வயதானவர்களிடம் திருடுவதில்லை. அதை எங்கும் எழுதி வைக்கவில்லை, அதனால் அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். உனக்குத் தெரியும்.

நீ கடைசியாக என்னால் அப்படி மூக்கில் ஏறச் சிரித்தது எப்போது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம்.

காலினுக்கு என் அன்பு.

மெரின்

*

இன்வர்மே
ஜூலை 14

மெரின்,

ஆம்புரோஸ் சாமியார் செத்துப்போனார்.

இப்படி முதல் வரியிலேயே எழுதுவதற்கு மன்னிக்கவும். வேறு எப்படி ஆரம்பித்தாலும் சுற்றி வளைத்துச் சொல்வது போல இருந்தது.

பத்தாம் தேதி. உப்பு ராணியின் எண்ணெய்க் கிடங்கு. தண்ணீருக்கு மேலே மரப்பாலம். எல்லாரும் பாதி வழியில் இருக்கும்போது அவள் ஆட்கள் தீ வைத்தார்கள். சஸ்கியா பறக்கும் மந்திரத்தை ஒருவருக்குப் போட்டாள், இன்னொருவருக்குப் போட்டாள். மூன்றாவது ஆள் காலின். அவள் தாளைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“இல்ல,” என்றாள். “ரெண்டுதான். அஞ்சாம் படிக்கு ரெண்டு தடவதான் வரும். ஆறாம் படின்னா மூணு.”

பிறகு தீ வெடித்தது. ஒவ்வொருவராகப் பகடை உருட்டினார்கள். நெட்டில் அந்த வெடிப்பின் நடுவில்தான் நின்றாள். ஒரு முடி கருகவில்லை. திருட்டில் ஏழாம் படி ஏறியவர்களுக்கு அந்த வித்தை கிடைக்கிறது, உனக்குத் தெரியும்: நெருப்பிலிருந்து தான் மட்டும் தப்பித்துக்கொள்ளும் வித்தை. நீ ஏறச் சொன்ன படி.

காலினுக்கு நான்கு விழுந்தது.

“போச்சு,” என்றார். “சரி விடுங்க. பதினோரு வருஷம் ஓசிச் சாராயம் குடிச்சிருக்கான் ஆம்புரோஸ். போதும்.” எல்லாரும் சிரிக்கவேண்டும் என்பதற்காகத்தான் அவர் அப்படிச் சொன்னார், நாங்களும் சிரித்தோம். சஸ்கியா மட்டும், “நான் முதல்லயே உங்களுக்குப் போட்டிருக்கணும், காலின். கணக்குப் பண்ணல,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவள் தோளில் தட்டி, “நீ என்னம்மா பண்ணுவ, இருக்கிறதத்தான போட முடியும்,” என்றார். கோட்டை மாட்டும்போது பகடைகளைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

நான் பொய்யாக உருட்டி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். என் பகடையை அட்டைத் தடுப்புக்குப் பின்னால்தான் உருட்டுகிறேன், எவரும் பார்ப்பதில்லை. ஆனால் அப்படி நான் செய்வதில்லை என்பதால்தான் பதினொரு வருடமாக நீங்கள் எல்லாம் வருகிறீர்கள்.

நீ நெட்டிலுக்காக அந்தப் படியை ஏறவில்லை, மெரின். சஸ்கியாவுக்கு எதிராக ஏறினாய். காரணம் கேட்காதே என்றாய். கேட்கவில்லை, சொல்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டரில் போனில் நான் கத்தியது, பிப்ரவரியில் நீ என் கார்ச் சாவியோடு போய்விட்டதில் காரில்லாமல் மூன்று நாள் அல்லாடியதற்காக அல்ல. ஜனவரியில் நீ இந்த வேலையைப் பற்றிச் சொன்ன விதம். எல்லாரும் இருக்கும்போது, சிப்ஸ் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே, “அடுத்த மாசம் நான் பிளிண்டர்ஸ் போறேன், ஒரு வருஷம்.” ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரம் தினமும் என் கடைக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனாய். எனக்கு மேசையில் எல்லாரோடும் சேர்த்துத்தான் சொல்லத் தோன்றியதா உனக்கு?

காலியான நாற்காலியை எதிரில் வைத்துக்கொண்டு என்னால் கதை நடத்த முடியவில்லை. அதனால்தான் ஆள் தேடினேன்.

டெல்

*

வைட்மார்க்
ஆகஸ்ட் 3, ஞாயிறு

அன்புள்ள டெல்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. நான்கு முறை பதில் எழுதினேன். முதல் மூன்றிலும் நான் சொன்னது சரி என்று நிரூபித்திருந்தேன். நான்காவதில் அழுதிருந்தேன். இது ஐந்தாவது.

ஆம்புரோஸைக் கொன்றது நான். விளையாட்டில் ஒருவர் சாவது சாவு இல்லை என்று இங்கே யாரிடமாவது சொன்னால் தலையாட்டுவார்கள். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் கேட்டாள், “என்ன மெரின், யாராவது தவறிட்டாங்களா?” நான் “சாமியார் ஒருத்தர்,” என்றேன். “தெரிஞ்சவரா?” என்றாள். ஆமாம் என்று சொன்னேன். பாவம், ஒரு அட்டை வாங்கி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நீ சந்தேகப்பட்டதுதான் உண்மை. அந்த ஜூன் காலையில் நான் விடையைப் போட்டுப் பார்த்தேன். தவறைக் கண்டுபிடித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டேன். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் சரியாகப் போட்டேன். எழுபது இல்லை, எண்பது. அவள் தவறாகப் போட்டே சரியான முடிவுக்கு வந்திருக்கிறாள். தவறைத் திருத்தினால் அவள் சொன்னது இன்னும் சரியாகிறது. அதை எழுதாமல் வட்டம் மட்டும் போட்டு அனுப்பினேன். ஒரு மாணவி அப்படிச் செய்திருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஒன்று செய்தேன். அனுப்பும் முன் நான் எடுத்து வைத்திருந்த அவள் தாளின் பிரதியை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். திருத்துவதற்காக இல்லாமல் படிப்பதற்காக. ‘மூன்று படி வீண்’ என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: ‘ஆனால் இவை மெரினுடையவை, தொடக் கூடாது. இவற்றை வைத்துக்கொண்டே என்ன செய்யலாம்?’ அதற்குப் பிறகு வரும் ஒன்றரைப் பக்கமும் அந்தக் கேள்விக்கான பதில்தான். நான் ‘வீண்’ வரைக்கும்தான் படித்திருக்கிறேன். அதற்கு மேல் பிழை தேடியிருக்கிறேன்.

இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு அவளைப் பிடித்துப்போயிருக்க வேண்டும். இன்னும் எரிகிறது, டெல். மோசமாக ஆடினால் என் நெட்டிலைக் கெடுக்கிறாள் என்று எரிச்சல். நன்றாக ஆடினால் நான் தேவையில்லை என்று எரிச்சல். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்குத் தோல்வி வருகிற பகடையை நானே செய்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மாலை ஆறரை ஆனால் எதையும் செய்ய முடியவில்லை. மனம் இப்படியே ஓடுகிறது: இப்போது டெல் அந்தப் பேஸ்ட்ரிகளைச் சூடாக்குகிறாள், இப்போது சஸ்கியா வந்திருப்பாள், இப்போது அவள் ஏதோ சொல்ல டெல் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள்.

ஜனவரியைப் பற்றி. உன்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் நீ ‘போகாதே’ என்று சொல்லியிருப்பாய். நான் போயிருக்கமாட்டேன். அந்த ஊரில் விவாகரத்தான கணக்கு டீச்சர் என்று ஏழு வருடம் இருந்துவிட்டேன். ஒரு வருடமாவது வேறு யாராவதாக இருக்கவேண்டும் போலிருந்தது. எல்லாரும் இருக்கும்போது சொன்னால் நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். கணக்குப் போட்டுத்தான்.

நீ ‘போகாதே’ என்று சொல்லவில்லை. அதுவும் எனக்கு வலித்தது. என்னிடம் நியாயம் எதிர்பார்க்காதே.

காலினுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கடைசி ஆட்டத்தைப் பற்றி இப்போது கேட்காதே. என் பதில் மாறவில்லை.

மெரின்

*

இன்வர்மே
செப்டம்பர் 8

அன்புள்ள மெரின்,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒரு அம்மா குழந்தையின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பத்து நிமிடம் காக்க வைத்தேன். ‘போகாதே’ என்று நான் சொல்லியிருப்பேன். நீ சொன்னது சரி. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. நேரில் பார்க்கும்போது ஒரு அறை கொடுக்கிறேன், பிறகு தேநீர்.

காலின் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். யாருக்கும் காட்டவில்லை. “மெரின் எனக்குக் கடுதாசி போட்டிருக்கா. செத்தவனுக்கு வந்த மொதக் கடுதாசி,” என்றார். புதுப் பாத்திரம் ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆம்புரோஸின் தம்பியாம். ஒரு மந்திரமும் தெரியாது, பெரிய உலக்கை ஒன்று வைத்திருக்கிறான். பெயர் ஹோரஸ். அண்ணனைப் பற்றி யார் பேசினாலும் “எனக்கு அவன் இருபது வெள்ளி பாக்கி” என்று ஆரம்பிக்கிறான். மேசை மறுபடி சிரிக்கிறது.

சஸ்கியா போன வாரம் ஆட்டம் முடிந்ததும் பின்தங்கினாள். தட்டுகளைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“டிசம்பர் பதினொன்னு நான் வரல, டெல்.”

“ஏன், என்ன வேலை?”

“வேலையெல்லாம் இல்ல. அது அவங்க நெட்டில். அவங்க வேணாம்னு சொன்னாங்க. நான் வேற ஏதாவது பாத்திரத்த எடுத்துட்டு வந்து அங்க உக்காந்தா, அவங்க எடத்துல உக்காந்த மாதிரிதான இருக்கும்.”

“உனக்கு வரணும்னு இல்லயா?”

தட்டை மூன்று தடவை கழுவினாள். “இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து எனக்கு வியாழக்கிழமை மட்டுந்தான் இருக்கு,” என்றாள். உடனே, “இத அவங்களுக்கு எழுதிடாதீங்க,” என்றாள்.

எழுதிவிட்டேன். அவளிடம் நான் வாக்குக் கொடுக்கவில்லை.

உன்னை நெருக்கவில்லை. ஆனால் கடைசி அறையை நான் இப்போது கட்டியாகவேண்டும். கதவைத் திறக்க ஒருத்தி இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் கதவு செய்ய முடியாது. அக்டோபர் முடிவதற்குள் சொல். நீ இல்லை என்றால் இல்லை. நெட்டில் உன்னுடையவள். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது.

உன்னுடைய,
டெல்

*

வைட்மார்க்
அக்டோபர் 26, ஞாயிறு

அன்புள்ள டெல்,

நெட்டிலை சஸ்கியா ஆடட்டும்.

இதை எழுதி முடித்ததும் எனக்குப் பெருந்தன்மையாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பல் பிடுங்கினது போலத்தான் இருக்கிறது. நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஏன் என்று சொல்கிறேன். ‘வியாழக்கிழமை மட்டும்தான் இருக்கிறது’ என்ற வரியை எனக்கு எழுதவேண்டாம் என்று அவள் சொன்னது சரி. அதைப் படித்ததிலிருந்து என்னால் அவளை வெறுக்க முடியவில்லை, பொறாமைப்பட மட்டுமே முடிகிறது. ஏழு வருடம் எனக்கும் அந்த ஒரு நாள்தான் இருந்தது. நான் உன்னிடம் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை. அவள் சில மாதத்திலேயே சொல்லிவிட்டாள், அதுவும் கை ஈரமாக இருக்கும்போது.

அவளுக்குச் சில விஷயங்கள் தெரியவேண்டும். நீ சொல்லிவிடு. நெட்டில் வயதானவர்களிடம் திருடமாட்டாள். படகில் ஏறினால் அவளுக்கு வாந்தி வரும். ஆந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், சீட்டி மட்டும்தான். அடுத்த படி மந்திரம். அதற்கு மேலும் மந்திரம்தான். சஸ்கியாவின் கணக்கு சரி என்று நான் சொன்னதாகவும் சொல். பத்துக்கு ஒன்பது. அந்த வர்க்கப்படுத்தலை நான் சும்மா விடமாட்டேன்.

காலின் பதில் போட்டிருந்தார். நான்கே வரி. ‘மெரின், பன்னிரண்டாம் படியில் நீ எதை ஏறியிருந்தாலும் எனக்கு நான்குதான் விழுந்திருக்கும். ஆனால் நீ மன்னிப்புக் கேட்டது நன்றாக இருந்தது. என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி நாள் உன்னைப் பார்க்காமல் போவதுதான் கஷ்டமாக இருக்கிறது.’ அதை வைத்துக்கொண்டு போன வாரம் கடற்கரையில் நிறைய நேரம் நடந்தேன். மேற்குக் காற்று முகத்தில் மணலை வாரி அடித்தது. கடைசி அறைக்குள் நெட்டில் நுழைகிறாள். உள்ளே உப்பு ராணி நிற்கிறாள். நான் எங்கே நிற்கிறேன் என்று யோசித்தேன். நெட்டிலின் பின்னால் நிற்பது போல நினைத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. யாருடைய தோளுக்குப் பின்னாலிருந்தோ எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பதினொரு வருடமாக உன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதும், உன் அட்டைத் தடுப்பின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

டிசம்பர் பதினொன்று மதியம் ஒரு விமானம் இருக்கிறது. அன்று மதியத்துக்கும் மறுநாள் வெள்ளிக்கிழமைக்கும் சம்பளமில்லாத விடுப்பு. தலைமை ஆசிரியரை இன்னும் கேட்கவில்லை. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு வயிற்றுவலி வரும்.

நீ அன்றைக்கு நடத்தவேண்டியது நிறைய இருக்கும். காவலாட்கள், வெள்ளம், கடைசியில் அந்த ராணி. ஒரு ஆளால் முடியாது. உப்பு ராணியை என்னிடம் கொடு.

நெட்டிலை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. எந்தப் பக்கம் முதலில் பார்ப்பாள், எதற்குப் பயப்படுவாள், எப்போது ஆந்தையை அனுப்புவாள், எல்லாம் எனக்குத் தெரியும். சஸ்கியா அவளை எங்கே கொண்டுபோயிருக்கிறாள் என்று மட்டும்தான் தெரியாது. அதைத்தான் பார்க்கவேண்டும். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து உப்பு ராணிக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். எந்தப் படியும் வீணில்லை. விட்டுக்கொடுக்கமாட்டேன், உன் பகடையைப் போல என் பகடையும் பொய் சொல்லாது. அவள் ஜெயித்தால் என்னை ஜெயித்துவிட்டுத்தான் அந்தக் கதவைத் தாண்டவேண்டும்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. காலினுக்குக்கூட எழுதவில்லை. சஸ்கியாவிடம் நெட்டிலை ஆடலாம் என்று மட்டும் சொல், எதிரில் யார் என்று சொல்லாதே. உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவை, தடுப்புக்குப் பின்னால்.

மெரின்